கோட்டுக்குக் கழித்த இரண்டு விரல்

கந்தப்பளைக் கடைவீதிக்கு நான் வாழ வந்தபோது அங்கே ஐந்து தையல் கடைகள் இருந்தன. ஐந்தும் ஒட்டி ஒட்டி, எதிரும் புதிருமாக. ஒரு கடையில் இருமினால் மற்ற நான்கு கடைகளுக்கும் கேட்கும். அப்படியிருந்தும் ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரரின் முகத்தைப் பார்த்து நல்ல வார்த்தை பேசி நான் கண்டதில்லை. நூல் தீர்ந்துபோனால் அடுத்த கடையில் கேட்க மாட்டார்கள். பஸ் பிடித்து நுவரெலியாவுக்குப் போய் வாங்கி வருவார்கள். அத்தனை ரோஷம்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவள். கை கூடையை எட்டிய வயதிலிருந்து கொழுந்து பறித்தவள். ஒரு தையல்காரருக்குக் கழுத்தை நீட்டியதும் தோட்டத்தில் என் பேரை வெட்டிவிட்டார்கள். அன்று அதற்காக நான் கவலைப்படவில்லை. விடியற்காலைக் குளிரில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டாம், கங்காணியின் வாயில் விழ வேண்டாம் என்று உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன் என்பதுதான் உண்மை.

என் கணவருக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிவிட்டது. மெஷினை ஒரு காலால்தான் மிதிப்பார். மற்றவர்கள் ஒரு சட்டையை முடித்துத் தூக்கிப் போடும் நேரத்தில் இவர் ஒரு கையைக்கூடப் பொருத்தியிருக்க மாட்டார். ஆனால் துணியை வெட்டும் மேசைக்கு அவர் வந்துவிட்டால் கதையே வேறு. துணியைத் தடவிப் பார்ப்பார். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு கத்தரிக்கோல் ஓடத் தொடங்கினால் நிற்காது. முன்பக்கம், முதுகு, கை, கழுத்து என்று தனித்தனியாக விழும். அடுப்பில் சோறு கொதித்து வழிவதை மறந்து நான் வாசற்படியில் நின்று அதைப் பார்த்த நாட்கள் உண்டு. கட்டிய புருஷனை இப்படி வாய் பிளந்து பார்க்கிறோமே என்று எனக்கே வெட்கமாக இருக்கும்.

எதிர்க்கடைக்காரர் இவருக்கு நேர்மாறு. அவருடைய மெஷின் வேகம், வாய் அதைவிட வேகம். எங்கள் படியில் யாராவது கால் வைத்தால் அங்கிருந்து குரல் வரும். “அங்க குடுத்தீங்கன்னா பொங்கலுக்குத்தான் போடலாம்” என்பார். என் கணவர் தலையைத் தூக்க மாட்டார். அன்றைக்குச் சோறு மட்டும் இறங்காது. நான் சும்மா இருப்பேனா? “இங்க தச்சா அதுக்கடுத்த பொங்கலுக்கும் போடலாம்” என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன். தெருவே சிரிக்கும். எதிர்க்கடைக்காரரும் சிரிப்பார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஐந்து கடைச் சட்டைகளுக்கும் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக் கொடுத்தது நான்தான். கொழுந்து கிள்ளிய விரல்களுக்கு அந்த வேலை சுலபமாக வந்தது. காலையில் எதிர்க்கடைக்காரரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு, மத்தியானம் அவர் கடைக்கே போய்ச் சட்டைகளை அள்ளிக்கொண்டு வருவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். நான் அண்ணே என்பேன். அதற்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை.

தீபாவளி வந்தால் இந்த ஐந்து கடைகளுக்கும் சனி பிடிக்கும். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கிடைத்ததும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சுற்றுத் தோட்டங்கள் எல்லாம் கடைவீதிக்கு இறங்கிவிடும். துணிக்கடையில் துணி எடுத்த கையோடு தையல் கடைக்கு வருவார்கள். எந்தத் தையல்காரராவது முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. வந்ததையெல்லாம் வாங்கிப் போடுவார்கள். பிறகு தீபாவளி விடியலில் கடை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். உள்ளே சட்டை கையில்லாமல் கிடக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள் பழைய சட்டையோடு தேம்பிக்கொண்டு போவதைப் பார்க்கவே முடியாது.

அப்படி ஒரு தீபாவளிக்கு அடுத்த வருடம்தான் லொறி வந்தது. கொழும்பிலிருந்து யாரோ ஒரு முதலாளி அனுப்பிய லொறி. ஓரங்களில் கயிறு கட்டித் தைத்த சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். சம்பள நாளில் தோட்டத்துக் கேட்டுக்குள்ளேயே நின்றது. பிடித்ததை எடுத்து அங்கேயே போட்டுக்கொண்டு போகலாம். ஒரு தண்ணீரில் வெளுத்தது, தோளில் பிரிந்தது, எல்லாம் உண்மைதான். ஆனாலும் தீபாவளிக்குக் கையில் சட்டை இருந்ததே. அந்த வருடம் எங்கள் ஐந்து கடைகளிலும் மெஷின் ஓடிய சத்தம் பாதியாகக் குறைந்தது. எங்கள் கடையில் சத்தமே இல்லை.

மெதுவாகத் தைக்கிறவனைத்தானே முதலில் விடுவார்கள். இன்னொரு தீபாவளி இப்படிப் போனால் கடையைச் சாத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்று என் கணவர் ஒரு மாலையில் சொன்னார். சாத்திவிட்டு எங்கே போவது? மலையில் ஏறி இறங்க அவர் காலால் ஆகாது. நான்தான் மறுபடி தோட்டத்துக்குப் போய்ப் பேர் பதியக் கேட்க வேண்டும், லயத்தில் குடியிருக்க ஒரு அறை, ஒரு காம்பிரா கேட்க வேண்டும். நான் கொழுந்துக்குப் போக, அவர் காம்பிராவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் அதைச் சொன்னபோது மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துத் துணியால் சுற்றினார்.

அந்த நிலையில்தான் மேல் தோட்டத்துத் தலைவர் கடைவீதிக்கு வந்தார். தொழிலாளர்களுக்காகத் துரையிடம் போய்ப் பேசுகிறவர், எதையும் நேருக்கு நேர் சொல்லிவிடுகிற மனிதர். நடுத்தெருவில் நின்றுகொண்டு ஐந்து கடைக்கும் கேட்கும்படி பேசினார். லொறிச் சட்டை ஆட்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உங்களை நம்பிப் பிள்ளைகளை அழவிடவும் முடியாது என்றார். “தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கெழமைக்குள்ள தோட்டத்து ஆம்பளைங்க, பையனுங்க எல்லாத்துக்கும் சட்ட தச்சுத் தர முடியும்னா சொல்லுங்க. இந்த வருசம் லொறிய கேட்டுக்குள்ள விடமாட்டோம். முடியாதுன்னா அதையும் சொல்லிடுங்க” என்றார்.

கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் படிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு முழுத் தோட்டம்! எதிர்க்கடைக்காரர் நாடாவைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். நான் எங்கள் படியில் காஜாவோடு உட்கார்ந்திருந்தேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, தைத்துத் தருகிறோம் என்று சொல்லிவிட்டேன். தலைவர் என்னைப் பார்த்தார். ஐந்து கடைக்காரர்களும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைவர் போன பிறகு சண்டை பிடித்துக்கொண்டது. இவளுக்கென்ன பைத்தியமா என்றார்கள். நானும் விடவில்லை. ஐந்து கடைச் சட்டையும் என் மடியில்தான் வந்து விழுகிறது, யாருக்கு எது வரும், எது வராது என்று என்னைவிட யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். கழுத்துப்பட்டி என்றால் அது பாஸ் கைதான். துரைமாருக்கும் கிளாக்கர்மாருக்கும் கோட்டுத் தைத்த சிங்களப் பெரியவர் அவர், அவரை எல்லோரும் பாஸ் என்றே கூப்பிடுவோம். நீளத் தையல் என்றால் எதிர்க்கடை அண்ணன். கை பொருத்துவது என்றால் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே தகப்பனுக்குப் பிறந்து நடுவில் சுவர் வைத்துத் தனித்தனிக் கடை போட்டவர்கள். வெட்டுவது என்றால் என் வீட்டுக்காரர். ஆளுக்கொன்றைச் செய்யாமல் எல்லோரும் எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்துகொண்டு, லொறிக்காரனைத் திட்டினால் சரியா என்று கேட்டேன். கொஞ்சம் கத்தியும்விட்டேன்.

முதலில் சிரித்தவர் பாஸ்தான். சிரித்துவிட்டு, “ஹரி, சரி, செய்வோம்” என்றார். அவர் சொன்ன பிறகு மற்றவர்கள் மறுக்கவில்லை. ஆனால் சம்மதித்தவுடன் அவர்கள் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணி யாருக்கு என்பதுதான். துண்டுத் துணி தையல்காரனுக்கு என்பது எழுதாத வழக்கம். கொடுத்தவரும் கேட்பதில்லை, எடுத்தவரும் சொல்வதில்லை. அதை ஒவ்வொரு மாலையும் ஐந்தாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவான பிறகுதான் மற்றதெல்லாம் பேசினார்கள்.

தோட்டத்து ஆட்கள் எல்லோரும் துணிக்கடை முதலாளியிடம் ஒரே ரகமாக எடுத்துக்கொண்டார்கள். வெள்ளையில் நீலக்கோடு போட்ட துணி. அது வந்து இறங்கிய காலையை மறக்க முடியாது. கட்டுக் கட்டாக எங்கள் கடைக்குள் அடுக்கியதில் ஜன்னல் மறைந்து கடை இருட்டாகிவிட்டது. நான் சுவரோரம் சாய்ந்து நின்று மேலே பார்த்தேன். அத்தனை துணியை ஒரே இடத்தில் நான் அதுவரை கண்டதில்லை. இது எல்லாம் சட்டையாக வேண்டும், நாம்தான் செய்ய வேண்டும் என்று நினைத்தபோது பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

அளவெடுக்கப் போனது எதிர்க்கடை அண்ணன். பேச்சுக்கார மனிதர், எந்த ஆளையும் சிரிக்க வைத்து அளந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தூறலில், குளிரில், பெரட்டுக் களத்தில் ஆண்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்து அளந்தார். மாலையில் அளவுகளோடு வந்தார். மறுநாள் காலையில் என் கணவர் வெட்ட ஆரம்பித்தார்.

மெஷினில் இனி உட்கார வேண்டியதில்லை என்றதும் அந்த மனிதர் வேறு ஆளாகிப்போனார். மேசை உயரத்துக்கு ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காலையில் அடுக்கின் உச்சியில் தொடங்கிய துணி, மாலையில் பாதி அடுக்காக இறங்கியிருந்தது. ஜன்னல் மறுபடி தெரிந்தது. வெட்டிய துண்டுகளை நான் தெருவைக் கடந்து எடுத்துப் போவேன். எதிர்க்கடையில் தோளும் பக்கமும் சேரும். அங்கிருந்து சுவரின் இரண்டு பக்கத்துக்கும் போகும், அண்ணன் வலது கையும் தம்பி இடது கையும் பொருத்துவார்கள். பிறகு பாஸ் கடையில் கழுத்துப்பட்டி. கடைசியில் என்னிடம் வந்து பொத்தான்.

நான்கு கடைகளிலும் மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடிய அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? தகரக் கூரையில் மழை பிடித்தது மாதிரி இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் தம்பி கடையில் நூல் தீர்ந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அண்ணன் ஒரு நூல்கட்டையைத் தூக்கி எறிந்தார். தம்பி பிடித்துக்கொண்டார். மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் மட்டும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கண்ணால் பார்த்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

பல வருடங்கள் கழித்து ஒரு கூட்டத்தில் பேச வந்த அதிகாரி, ஒரே தொழிலைச் செய்கிற சின்னக் கடைகள் ஓரிடத்தில் சேர்ந்து நின்றால் பெரிய கம்பனிகளோடு போட்டி போடலாம், அதற்குத் தொழிற்கொத்தணி என்று பெயர் என்று விளக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு அன்றைக்குப் பெயர் ஒன்றும் தெரியாது, துண்டுத் துணியைப் பங்கு போடத்தான் தெரியும். அவர் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. சேர்ந்து வேலை செய்கிறபோது எங்கே இடறும் என்பதை எங்களுக்கு அந்தத் தலைவரின் சட்டைதான் காட்டியது.

முக்கால்வாசிக்குமேல் தைத்து முடித்து, துணி முழுவதையும் வெட்டியும் முடித்திருந்தோம். தலைவர் தம்முடைய சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தார். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் புதுச்சட்டையைப் போட்டார். கழுத்து அழகாக நின்றது. கை சரியாக இருந்தது. பொத்தானைப் போடப் போனால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார். அப்போதும் எட்டவில்லை. எதிர்க்கடை அண்ணன் சிரித்துக்கொண்டே, முற்பணம் கிடைத்ததும் தலைவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டார் போல என்றார். தலைவரும் சிரித்தார். அவரோடு வந்திருந்தவர் ஒல்லியான ஆள், எலும்பும் தோலுமாக இருப்பார். அவர் சட்டையைத் தேடிக் கொடுத்தோம். அதுவும் எட்டவில்லை. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

என் கணவர் அளவுச் சீட்டை எடுத்து வந்து, எழுதியிருந்தபடிதான் வெட்டினேன் என்றார். எதிர்க்கடை அண்ணன், நான் இத்தனை வருடமாக அளக்கிறேன், என் நாடா பொய் சொல்லாது என்றார். குரல்கள் ஏறின. ஒற்றைக்கால் தையல்காரனை நம்பியது தப்பு என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது சுவருக்கு இந்தப் பக்கத்து அண்ணனா, அந்தப் பக்கத்துத் தம்பியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். என் கணவரின் முகம் வெளுத்துப்போனது.

பாஸ் என் கையிலிருந்த தலைவரின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார். “கோட்டுக்கு எவ்வளவு கழிச்சது?”

“ரெண்டு விரல்” என்றார் என் கணவர்.

“ரெண்டு விரல்” என்றார் எதிர்க்கடை அண்ணன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

எங்கள் ஊர்க் குளிரில் யாரும் கோட்டைக் கழற்றி அளவு கொடுக்க மாட்டார்கள். கோட்டுக்கு மேலேதான் நாடா போகும். கோட்டின் கனத்துக்காகப் பக்கத்துக்கு இரண்டு விரல் கழிப்பது ஐந்து கடைக்காரர்களுக்கும் கைப்பழக்கம். எதிர்க்கடை அண்ணன் அளக்கும்போதே மனதில் கழித்துவிட்டுத்தான் எழுதுவார். என் கணவர் அளந்ததை அப்படியே எழுதிவிட்டு வெட்டும்போது கழிப்பார். தானே அளந்து தானே வெட்டிய காலத்தில் இரண்டும் சரிதான். இதை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும் என்ற தேவையே அவர்களுக்கு வந்ததில்லை. ஆக, அந்தத் தோட்டத்துச் சட்டை அத்தனையிலும் ஒரே கோட்டுக்கு இரண்டு தடவை கழித்திருந்தோம்.

தலைவர் தம் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சம்பள நாளுக்கு லொறி வரும், அதற்குள் சரியாகவில்லை என்றால் ஆட்களிடம் அதில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன் என்றார். அவர் போன பிறகு என் கணவர் என்னை உள்ளே கூப்பிட்டார். தோட்டத்தில் பேர் பதிவார்களா என்று கேட்டுப் பார் என்றார். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

வெளியே பாஸ் ஒரு சட்டையின் பக்கத் தையலைப் பிரித்து மேசையில் விரித்திருந்தார். அக்குளிலிருந்து அடிவரை இரண்டு பக்கமும் ஒரு பட்டை வைத்துத் தைத்தால் சட்டை பிழைத்துக்கொள்ளும் என்று காட்டினார். துணிக்கு எங்கே போவது என்று தம்பி கேட்டார். துணிக்கடையில் அந்த நீலக்கோடு ஒரு முழம்கூட மிச்சமில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். துணி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கடையிலும் மெஷினுக்கு அடியில் கட்டி வைத்த மூட்டையில் இருக்கிறது. ஆனால் எவ்வளவு துணியை ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று தெருவுக்குக் காட்ட எந்தத் தையல்காரன் சம்மதிப்பான்? நான் உள்ளே போய் எங்கள் மூட்டையை இழுத்து வந்து நடுத்தெருவில் அவிழ்த்துக் கொட்டினேன். நான் எனக்கென்று ஒளித்து வைத்திருந்த ரவிக்கைத் துண்டும் சேர்ந்து விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு பாஸ் தம் மூட்டையைத் தூக்கி வந்தார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கதவால் வந்தார்கள். நீலக்கோடுகளுக்கு நடுவில் எந்தெந்த வருடத்துத் துணிகளோ கலந்து கிடந்தன. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், இது என் போன வருடத்துச் சட்டைத் துணி என்று ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். தம்பி தலையைச் சொறிந்தார்.

எதிர்க்கடை அண்ணன் கடைசியாக வந்தார். அவர் மூட்டை சின்னதாக இருந்தது. அதோடு கையில் ஒரு கவுன் இருந்தது. அவருடைய மகளுக்குத் தீபாவளிக்கென்று அந்தத் துண்டுகளை ஒட்டி அவர் மனைவி தைத்து முடித்திருந்த கவுன். இடுப்பில் நாடாவெல்லாம் வைத்திருந்தது. அவர் எங்கள் படியில் உட்கார்ந்து அந்தக் கவுனைத் தையல் தையலாகப் பிரித்தார். எப்போதும் ஓயாத அந்த வாய் மூடியிருந்தது. இந்த மனிதரையா இத்தனை நாள் அப்படிப் பேசினோம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு நடந்ததை நான் சொன்னால் கதை என்பார்கள். துண்டுகளை என் கணவர் பட்டையாக வெட்டினார். நீளம் போதாததால் பல துண்டுகளைக் குறுக்காக வைத்துத்தான் சேர்க்க முடிந்தது. சட்டையில் கோடு நெடுக்காக ஓட, பக்கப் பட்டையில் குறுக்காக ஓடியது. தைத்ததைப் பிரிக்க ஆட்கள் போதவில்லை என்றதும் தெருப் பெண்கள் வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மனைவி வந்தார். துணிக்கடை முதலாளியின் வீட்டம்மா, காரை விட்டு இறங்காதவர், எங்கள் படியில் சாக்கை விரித்து உட்கார்ந்து தையல் பிரித்தார். மழை விடாமல் பெய்தது. எந்தச் சட்டை எந்தக் கடையுடையது என்று அப்போது கேட்டிருந்தால் ஒருவராலும் சொல்ல முடியாது. சம்பள நாளில் தலைவர் வந்து தம் சட்டையைப் போட்டு, எல்லாப் பொத்தானையும் போட்டு, கைகளைத் தூக்கி இறக்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். லொறி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பியது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

தீபாவளி காலையில் நான் குளித்த ஈரத் தலையோடு மேல் தோட்டத்துக்கு ஏறினேன். என் கணவரைக் கூப்பிட்டேன், வரவில்லை. தேயிலைக்குள் வளைந்து போகிற பாதையில் ஒரு திருப்பத்தில் நின்று பார்த்தால் லயங்களும் மாரியம்மன் கோயிலும் தெரியும். அப்போதுதான் பனி விலகியது. லயங்களிலிருந்து ஆட்கள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள், இளவட்டங்கள், தோளில் உட்கார்ந்திருந்த பையன்கள், ஆண்கள் அத்தனை பேர் மேலும் நீலக்கோடு. நடக்கும்போது கை விலக, அக்குளுக்குக் கீழே அந்தக் குறுக்குக்கோட்டுப் பட்டை தெரிந்தது. ஒருவர்கூடக் கோட்டுப் போட்டிருக்கவில்லை. அந்தக் குளிரில் சட்டையைக் காட்டுவதற்காகக் கோட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒவ்வொரு பொத்தான் துளையையும் என் விரல் தொட்டிருக்கிறது என்று நினைத்தேன். ஐந்து ரோஷக்காரர்கள் சேர்ந்து ஒரு மலைக்கே சட்டை போட்டுவிட்டோமே என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயில் மணி அடித்து முடிந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்திருந்தது. தீபாவளி முடிந்துவிட்டது, இனி அவரவர் கடை அவரவருக்கு என்று அண்ணனும் தம்பியும் சொல்லியிருந்தார்கள். அவரவர் கடை என்றால் எங்களுக்கு மறுபடியும் ஒற்றைக்கால் மெஷின்தான். கோட்டுக்குக் கழித்த தப்பில் பாதி தன்னுடையது, இனி யார் தன்னிடம் துணியைக் கொடுத்து வெட்டச் சொல்வார்கள் என்று அவர் கேட்டார். கத்தரிக்கோலை மறுபடி துணியில் சுற்றி வைத்துவிட்டார். தீபாவளிக்கு மறுநாள் கடையை மூடியிருந்த கதவுப் பலகைகளை அவர் எடுக்கவே இல்லை. நானும் தோட்டத்துக்குப் பேர் பதியக் கேட்கப் போவதற்காகச் சேலை மாற்றிக்கொண்டேன். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

பலகையை யாரோ தட்டினார்கள். நான் ஒரு பலகையை எடுத்துப் பார்த்தேன். எதிர்க்கடை அண்ணன் நின்றிருந்தார். தோளில் புதுத் துணிக் கட்டு ஒன்று. பக்கத்துத் தோட்டத்திலிருந்து பொங்கலுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். என்னைத் தாண்டி உள்ளே வந்து, கட்டை வெட்டும் மேசையில் இறக்கினார். அதுவரைக்கும் என் கணவரை அவர் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை.

“மச்சான், இத நீங்கதான் வெட்டணும்” என்றார். “கோட்ட கழட்டச் சொல்லித்தான் அளந்தேன்.”

என் கணவர் கொஞ்ச நேரம் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுற்றி வைத்திருந்த துணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். நான் மற்றப் பலகைகளையும் எடுத்து வைத்துவிட்டு, கட்டியிருந்த சேலையை மாற்ற உள்ளே போனேன்.